குளிசையா, கொய்யாப்பழமா?

குருதிக் குழாயின் உட்சுவரிற் படியும் கொழுப்பு, பிராணவாயுவாற் சிதைந்து குழாயைத் தடிக்கச் செய்கின்றது. அச்சிதைவைத் தடுக்கும் விற்றமின்களைக் குளிசையாக விழுங்கினால் மாரடைப்பு அணுகாதென அறிஞர் பலர் எண்ணினர். பிரித்தானியாவில் நோயபாயம் மிக்க 20,536 பேரிற் பாதிப்பேருக்கு விற்றமின் ஈ, சீ, பீற்றா கரோற்றின் ஆகியவற்றையும், ஏனையோருக்கு வெறுங் குளிசையையும் ஐந்தாண்டுகள் நாள்தோறும் அளித்தனர். 2002 இல் வெளியான முடிவு யாது? குருதியில் விற்றமின் ஏறியது. மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை.

ஆயினும், காய்கனி மிகுதியாக உண்போரிடை இந்நோய்கள் குறைவென்பது பல ஆய்வுகளிற் கண்டதே. நாரும் பொட்டாசியமும் அக்குளிசையில் ஏது? கொய்யாவில் தோடம்பழத்தினும் பன்மடங்கு விற்றமின் சீ உண்டு. விலைகொடுத்து அப்பிள் வாங்கும் தாய்மார் வேலியோரக் கொய்யாவை அணிலுக்கு விடுவதேனோ, எமக்கு விளங்கவில்லை. இலைக்கறியை அரிந்தபின் கழுவாதீர்கள். அச்சத்து நீரோடு போய்விடும்.