“சிபில் ஆபீசுல இருந்து பேசுறேன்!” போனில் மிரட்டும் பலே ஆசாமிகள்: கடைக்காரர்களே, உஷார்!

தாம்பரம்,

“சார், சிபில் ஆபீசுல இருந்து பேசுறேன். உங்க ஸ்கோர் 540-க்கு இறங்கிடுச்சு. சாயந்திரம் 5 மணிக்குள்ள சரி பண்ணலேன்னா வாராக்கடன் பட்டியல்ல உங்க பேர் ஏறிடும்!”

மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை நடத்தும் ஒருவருக்கு வந்த போன் இது. காலை 11 மணி. கடையில் வியாபார நேரம். எதிர்முனையில் பேசியவன் பதறவில்லை, அதட்டவில்லை. வார்த்தைக்கு வார்த்தை “சார்” போட்டான். கடைக்காரரின் பெயர், பான் கார்டு நம்பர், எந்த பாங்கியில் வண்டிக்கடன், எத்தனை தவணை பாக்கி என்று எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தான்.

அந்தக் கடைக்காரர் என்னிடம் கூறியதாவது:-

“இவ்வளவும் சொல்றான்னா ஆபீசராத்தான் இருக்கணும்னு நெனச்சேன் தம்பி. பொண்ணு காலேஜ் லோன் வேற கேட்டு வெச்சிருக்கேன். பேர் கெட்டுப் போச்சுன்னா அதுவும் போயிடுமேன்னு பயம்.”

‘திருத்தக் கட்டணம்’ ரூ.2 ஆயிரம், அதற்கு வரி ரூ.360 கேட்டான். கட்டினார். (திருடன் ஜி.எஸ்.டி. போடுகிறான், கவனியுங்கள்!) ஸ்கோர் ஏறுவதைப் பார்க்கலாம் என்று சொல்லி வாட்ஸ்-அப்பில் ஒரு ‘ஆப்’ அனுப்பினான். அதைப் போனில் ஏற்றியதுதான் தாமதம், கடைக்காரர் பார்ப்பதையெல்லாம் அவனும் பார்க்க ஆரம்பித்தான். ஓ.டி.பி. உள்பட! பத்து நிமிடத்தில் ரூ.38 ஆயிரம் அபேஸ். சரக்குக்கு வைத்திருந்த பணம்.

கடைக்காரர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம். மறுநாள் காலையில் மேலும் ரூ.11 ஆயிரம் போனது. அதன் பிறகுதான் மகன் பார்த்துவிட்டு சத்தம் போட்டான். அந்த இரண்டாவது ரூ.11 ஆயிரத்தை நினைவில் வையுங்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

யார் இந்த சிபில்?

சிபில் என்பது போலீஸ் அல்ல, கோர்ட்டு அல்ல, சர்க்கார் ஆபீசும் அல்ல. மும்பையில் இருக்கும் ஒரு கம்பெனி. 2000-ம் ஆண்டில் தொடங்கியது. எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹைமார்க் என்று இதே வேலை செய்யும் கம்பெனிகள் இன்னும் 3 உண்டு. 2005-ம் ஆண்டு சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் நடக்கிறவை. ஆசாமிகள் செய்யும் மோசடிக்கும் இந்தக் கம்பெனிகளுக்கும் சம்பந்தம் இல்லை.

இவர்கள் செய்வது கணக்குப்பிள்ளை வேலை. பாங்கி என்ன எழுதி அனுப்புகிறதோ அதைப் பதிந்துவைத்து 300-க்கும் 900-க்கும் இடையே மார்க் போடுகிறார்கள். பாங்கி ஒப்புக்கொள்ளாமல் அதில் ஒரு புள்ளியைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. ஆகவே, “பணம் கட்டு, ஸ்கோரை ஏத்துறேன்” என்று சொல்பவன் நிஜமாகவே அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அது நடக்காத காரியம்!

இன்னொன்று. தவணை 90 நாள் தாண்டி நின்றால்தான் பாங்கி அதை வாராக்கடன் என்று எழுதும். நம் பாத்திரக்கடைக்காரர் ஒரு தவணைகூட நிறுத்தியவர் இல்லை. சாயந்திரம் 5 மணி கெடு என்பதே கப்சா.

கணக்கில் தப்பு இருந்தால் புகார் செய்யக் காசு கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு ரூ.100 வீதம் நமக்கு அவர்கள் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ம் ஆண்டு உத்தரவு போட்டிருக்கிறது. சட்டம் இப்படி இருக்க, நம் ஆள் ரூ.2 ஆயிரத்து 360 கட்டியிருக்கிறார்!

பயம்தான் முதல்

மக்கள் பயப்படுவதையும் குறை சொல்வதற்கில்லை. சிபில் கணக்கு மோசம் என்று ஸ்டேட் பாங்கி ஒருவரின் வேலை உத்தரவை ரத்து செய்தது. அது சரிதான் என்று சென்னை ஐகோர்ட்டு 2025-ம் ஆண்டு தீர்ப்பு கூறியது. கடன் போகட்டும், வேலைக்கே வேட்டு என்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

பான் நம்பர் அவன் கைக்குப் போவதும் மாயம் மந்திரம் அல்ல. ரோட்டோரம் குடை போட்டு “உடனடி லோன்” என்று கூவுகிறவரிடம் ஜெராக்சை நீட்டுகிறோம். முகம் தெரியாத ஏஜென்டுக்கு வாட்ஸ்-அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அது எத்தனை கை மாறும் என்று கேட்பதில்லை. விவரம் சரியாகச் சொன்னான் என்பதற்காக அவனை ஆபீசர் என்று நம்புவது தப்பு.

வித்தையும் புதிது அல்ல. 2016-ம் ஆண்டு மும்பை பக்கம் மீரா ரோட்டில் கால் சென்டர்களைப் போலீசார் மடக்கினார்கள். அமெரிக்க வரி அதிகாரி போலப் பேசி அமெரிக்கர்களிடமே பணம் கறந்த கூட்டம் அது. கடன் ‘ஆப்’ வைத்து மிரட்டிய விவகாரத்தில் 2021 ஜனவரியில் சென்னை போலீசார் பெங்களூர் போய் சீனாக்காரர்கள் இருவரைப் பிடித்து வந்தார்கள். ஆள் மாறினாலும் வழி ஒன்றுதான்: பயமுறுத்து, யோசிக்க நேரம் கொடுக்காதே!

என்ன செய்வது?

போனை வையுங்கள். நம்மவர்கள் சிலர் அவனைத் திட்டித் தீர்ப்பதில் ஒரு திருப்தி அடைகிறார்கள். வேண்டாம், அதுவும் அவனுக்குப் பேச்சுதான். சந்தேகம் இருந்தால் பாஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாங்கிக்கு நடந்து போங்கள். ஸ்கோர் பார்க்க ஆசையா? அந்த 4 கம்பெனிகளும் வருடத்துக்கு ஒரு தடவை முழுக் கணக்கை இலவசமாகத் தரவேண்டும். 2017-ல் இருந்து இதுதான் விதி. நாமாக அவர்களின் இணையதளத்துக்குப் போய்க் கேட்கவேண்டும். அவன் அனுப்பும் ‘லிங்க்’ வழியாக அல்ல.

பாங்கிகள் வாடிக்கையாளரிடம் 1600 என்று தொடங்கும் நம்பரில் இருந்துதான் பேசவேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சாதாரண செல் நம்பரில் வரும் ‘ஆபீசரை’ அப்போதே சந்தேகப்படலாம். 1600-ல் வந்தாலும் ஓ.டி.பி. கேட்டால் கட் பண்ணுங்கள்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930-க்குப் போன். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறிக்க அதுதான் வழி. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. புகார் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் இருந்து தாம்பரத்துக்கு என்றே தனி போலீஸ் கமிஷனர் இருக்கிறார். இதற்காக சிட்டிக்கு ஓடவேண்டியது இல்லை.

அதே மூச்சில் பாங்கிக்கும் சொல்லவேண்டும். இங்கேதான் அந்த ரூ.11 ஆயிரம் வருகிறது. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, நாமே ஏமாந்து ஓ.டி.பி.யைக் கொடுத்திருந்தால், பாங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம். சொன்ன பிறகு போகும் பணம் பாங்கியின் நஷ்டம்! முதல் நாளே வெட்கத்தை விட்டுவிட்டு பாங்கிக்கு ஒரு போன் போட்டிருந்தால், அந்த ரூ.11 ஆயிரம் கடைக்காரர் தலையில் விழுந்திருக்காது.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை அன்னைக்கு யாரும் சொல்லலியே தம்பி” என்றார்.

கடந்த வாரம் அவருக்கு மறுபடியும் ஒரு போன். “சைபர் போலீஸ்ல இருந்து பேசுறோம். நீங்க இழந்த பணம் கிடைச்சிடுச்சு. விடுவிக்க ரூ.1,500 கட்டணும்” என்றானாம். கடைக்காரர், “தாம்பரம் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கிட்டு வாங்க, அங்கேயே வாங்கிக்கிறேன்” என்றிருக்கிறார்.

லைன் கட்!