பார் இருந்தாத்தான் ஆம்பள சைக்கிளா?

72 வயசு அப்பாவுக்கு சைக்கிள் வேணும்னு கடையில கேட்டா, 21 கியர் வச்சு, குனிஞ்சு ஓட்டுற வண்டியை உருட்டிட்டு வர்றாங்க மக்களே. அவர் என்ன இமயமலையா ஏறப் போறார்? காலையில பால், சாயந்திரம் லைப்ரரி. அவ்ளோதான்.

பழைய ஹெர்குலிஸையே தட்டிக்கொட்டலாம்னா, 28 இஞ்ச் சக்கரம், நடுவுல உசரமா பார். மூட்டுவலிக்காரங்க பலர் ஓட்டுறப்ப விழறதில்ல, காலைத் தூக்கிப் போடுறப்பதான் விழறாங்க. ஆனா 'லேடீஸ் சைக்கிள்'னு சொன்னா மட்டும் மீசை துடிக்கும்! பாருக்கும் ஆம்பளத்தனத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? (வேட்டி கட்டிட்டு ஏற அதைவிட வசதி ஏது?)

கடுப்புல நானே சேர்த்துக் கட்டினேன். தாழ்ந்த பார், 26 இஞ்ச் சக்கரம், ஸ்பிரிங் சீட், முதுகு நிமிர்ந்து உக்கார பின்பக்கம் வளைஞ்ச ஹேண்டில்பார். சீட்டை ரொம்ப இறக்கினா முட்டி வலிக்கும். நின்னா நுனிக்கால் தரையில பட்டா போதும். பிரேக்ல மட்டும் பழமை வேணாம் சாமி, மழையில இரும்பு ரிம்ல கட்டை சரியா பிடிக்காது. அலாய் ரிம் போட்டேன். கருப்பு பெயின்ட், தங்கக் கலர் கோடு, அவரோட பழைய வண்டி பெல்.

சுத்திச் சுத்திப் பாத்தார். "லேடீஸ் வண்டியாடா?"

"இல்லப்பா, க்ரூஸர்."

ஏறிட்டார்.