பொட்டலிலும் படம் இருக்கு!



அப்பாவின் செல்போன் கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? கேம்ஸ்! அதற்கு அடுத்தது? போட்டோ எடுப்பீர்கள். சரிதானே?

ஒரு கோடை விடுமுறையில் திருச்சுழிக்குப் போயிருந்தேன். நான் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். படம் எடுப்பதில் கொள்ளை ஆசை அவனுக்கு. "உங்க ஊரை எடுத்த படங்களைக் காட்டு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"எங்க ஊருல எடுக்க என்னண்ணே இருக்கு? கரிசக்காடு, பனைமரம், சீமைக்கருவேல முள்ளு. ஊட்டி, கொடைக்கானல் போனாத்தான் நல்ல படம் கிடைக்கும்" என்றான்.

டூர் போனபோது எடுத்த படங்களைக் காட்டினான். அருவி, ரோஜாப்பூ, மேகம். எல்லாம் அழகுதான். ஆனால் அவன் எடுத்தது எது, அடுத்தவர் எடுத்தது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது!

பெயர் எழுதாத விடைத்தாளைக்கூட டீச்சர் கையெழுத்தைப் பார்த்தே "இது உன்னுதுதானே?" என்று கேட்பார் அல்லவா? படத்துக்கும் அப்படி ஒரு கையெழுத்து உண்டு. அதைத்தான் 'பாணி' என்கிறோம். விலை உயர்ந்த கேமரா வாங்கினால் அது வந்துவிடாது. வெளியூர் போனாலும் வராது. பக்கத்தில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கே அது வரும் என்பது என் கருத்து.

திருச்சுழியில் 1879-ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவருடைய கடைசி நாள்களில், 1950 ஏப்ரலில், திருவண்ணாமலைக்கு வந்து அவரைப் படம் எடுத்தார் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர். அவரிடம் பெட்டி பெட்டியாகக் கருவிகள் இருந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! பெரும்பாலும் ஒரு சின்ன லைக்கா கேமரா, 50 மி.மீ. லென்ஸ், கறுப்பு வெள்ளை பிலிம். அவ்வளவுதான். பிளாஷ் போடுவது அவருக்குப் பிடிக்காது. சரியான நொடிக்காகப் பொறுமையாகக் காத்திருப்பார்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்கிறேன். திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமரா செய்துகொண்டு காட்டு விலங்குகளைப் படம் பிடித்தார். கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. யானையைக் கவனித்த அதே அக்கறையோடு காகத்தையும் அணிலையும் கவனித்து எழுதினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இருவருமே 'இது போதும்' என்று ஒரு எல்லை போட்டுக்கொண்டார்கள். அந்த எல்லைக்குள்தான் அவரவர் பாணி பிறந்தது.

நீங்களும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு வாசல் பனைமரமாக இருக்கலாம். அருப்புக்கோட்டையில் இருந்தால் கைத்தறியாக இருக்கலாம். மல்லிகை தொடுக்கும் பாட்டியின் விரல்களாகவும் இருக்கலாம். ஒரு மாதம் தினமும் அதை மட்டும் எடுங்கள். முதல் வாரம் போரடிக்கும். அப்புறம்தான் புதிது புதிதாகக் கண்ணில் படும்!

கரிசலைக் காலை 7 மணிக்கும் நண்பகலிலும் எடுத்துப் பாருங்கள். நண்பகலில் வெயில் நேர்மேலே இருந்து விழுவதால் தரை தட்டையாகத் தெரியும். காலையில் வெயில் சாய்வாக விழும். ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் புகுந்து மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நிழலே குறைந்த பொட்டல் காட்டில் இந்த வித்தியாசம் எவ்வளவு பளிச்சென்று தெரியும் தெரியுமா?

"மற்றவர்களைப் பார்த்து எடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக எடுக்கலாம். நாலு கோடு நோட்டில் பார்த்து எழுதித்தானே கையெழுத்துப் பழகினோம்? ஆனால் கடைசி வரை பார்த்தே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி? அதேபோல, காய்ந்த புல்லைப் பச்சையாக்கும் பில்டரும் வேண்டாமே. நம் ஊரின் நிறத்துக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆள்களை எடுக்கும்முன் "எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்டு எடுத்த முகத்தில் வரும் சிரிப்பே தனி!

அன்று மாலை அந்தப் பையனோடு வறண்ட கண்மாய்க்குப் போனேன். சும்மா சுற்றியவன் திடீரென்று தரையில் படுத்துவிட்டான். சேற்றில் பதிந்து காய்ந்து கல்லாகிப்போன ஆட்டுக் குளம்படிகள்! ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் நிழல். எழுந்தபோது சட்டையெல்லாம் மண். படத்தைக் காட்டி, "இது மாதிரி யாரும் எடுத்திருக்க மாட்டாங்கல்லண்ணே?" என்றான்.

அடுத்த மழையில் அந்தக் குளம்படிகள் கரைந்துவிடும். தாத்தா நெய்யும் தறியும், பாட்டி பூத்தொடுக்கும் திண்ணையும் நாளைக்கு இருக்குமோ, இருக்காதோ! ஊட்டியை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவை எடுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

என்ன, கிளம்பியாச்சா?