கழுத்தில் ஒரு பூட்டு

"அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டி இருக்கே, அது நம்ம மெட்ராஸ் காசு சார்!"

சென்னையில் இதைப் பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம், ஏதோ நம் பாட்டனார் செக் எழுதிக் கொடுத்த மாதிரி.

தகவல் தப்பில்லை. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர். அதற்கு முன்பே, 1680-ல், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் அவருக்குக் கல்யாணம். கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே சொந்த வியாபாரமும் பார்த்தார். புகார் கிளம்பி, பதவி போனது. பணம் போகவில்லை. லண்டனுக்குத் திரும்பிப் பெரிய மனிதராக வாழ்ந்தார். 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. கல்லூரிக்கு அவர் பெயர் வைத்துவிட்டார்கள். மலிவான டீல்!

நண்பர்களிடம் நான் காட்ட விரும்புவது ஒரு படத்தை. 1719 வாக்கில் லண்டனில் வரைந்தது. ஜான் வெரெல்ஸ்ட் வரைந்ததாகச் சொல்கிறார்கள். இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தின் சொத்து.

அந்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் கனவான்களுக்கு இது ஒரு மோகம். கேமரா கிடையாது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குடித்து, புகைத்து, அரட்டை அடிப்பதை ஓவியரைக் கூப்பிட்டு வரையச் சொல்வார்கள். 'கான்வர்சேஷன் பீஸ்' என்று பின்னால் பெயர் வந்தது. சும்மா இயல்பாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒன்றும் இயல்பில்லை. எந்தக் கோட்டு, எந்தக் கோப்பை, யார் பக்கத்தில் யார், எல்லாமே கணக்கு. 'எங்களிடம் என்னென்ன இருக்கிறது பார்' என்று ஊருக்குப் படிக்கும் சொத்துப் பட்டியல் அது.

யேலின் படமும் அப்படித்தான். நடுவில் அவர். சுற்றிலும் பொய்முடி வைத்த உறவுக்காரக் கனவான்கள். மேஜையில் மது. பின்னால் தோட்டத்தில் பேரக் குழந்தைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

வலது ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன். ஆடுகிற குழந்தைகளின் வயதைவிட ரொம்பப் பெரியவன் அல்ல. அவன் ஆடவில்லை, பரிமாற நிற்கிறான். கழுத்தைப் பாருங்கள். பளபளவென்று ஒரு உலோகப் பட்டை. அதில் ஒரு பூட்டு.

பட்டுக் கோட்டின் மடிப்பை வரைந்த அதே அக்கறையோடு அந்தப் பூட்டின் பளபளப்பையும் ஓவியர் வரைந்திருக்கிறார். காசு கொடுத்தவர்கள் 'ஐயோ, அதை மறைத்துவிடுங்கள்' என்று சொல்லவில்லை. இருக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி பட்டை போட்ட பிள்ளைகள் அந்தக் காலப் பிரிட்டிஷ் படங்கள் பலவற்றில் நிற்கிறார்கள். கனவான்களுக்குப் பெயர், பட்டம், வம்சம் எல்லாம் தேடித் தேடி எழுதி வைத்தாயிற்று. இவனுக்குப் பெயர் இல்லை.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் சார், இன்னிக்கு நியாயம் பேசி என்ன?" இப்படிச் சொல்பவர்கள் உண்டு. 'எல்லாரும்' என்றால் யார்? லண்டன் பத்திரிகைகளில் அந்தக் காலத்திலேயே விளம்பரங்கள் வந்தன. எங்கள் பையன் ஓடிப்போய்விட்டான், கழுத்தில் பட்டை இருக்கும், பிடித்துத் தந்தால் சன்மானம் என்று. ஓடினானே, அவனும் அந்தக் காலத்து ஆள்தானே? அடிமைத்தனம் தப்பு என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. உங்கள் 'எல்லாரும்' கணக்கில் அவன் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி நம் ஊர் ஸ்பெஷல்: "அந்தப் பையன் தமிழ்ப் பையனா?" ஆப்பிரிக்க வம்சாவளி என்றுதான் அவனைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் என்ன? நம் பிள்ளையாக இருந்தால்தான் வலிக்குமா? சரி, நம் பிள்ளைகள் கதையும் கேளுங்கள். 1687-ல், யேல் உட்கார்ந்திருந்த கோட்டை ஆலோசனை சபை ஒரு முடிவு எடுத்தது: ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிப்போக வேண்டும். பிடிபட்டவர்கள் இந்தக் கடற்கரை மக்கள். மறு வருடமே, 1688-ல், அதே கோட்டை அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்டது. யேலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இதைக் காட்டுவார்கள். மொகலாய அரசு முறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

2020-ல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அந்த இடத்தில் டைடஸ் காஃபர் என்ற ஓவியர் 2016-ல் வரைந்த படத்தை மாட்டினார்கள். அதில் கனவான்கள் கசக்கப்பட்ட துணியாகச் சுருண்டு கிடக்கிறார்கள். சிறுவனின் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள். கழுத்தில் பட்டை இல்லை. நேராக நம்மைப் பார்க்கிறான். அருமையான பதில். ஆனால், பழைய படத்தை இருட்டு அறையில் பூட்டி வைத்துவிட்டால் போதும் என்று யாராவது நினைத்தால், நான் அந்தப் பக்கம் இல்லை. மறைத்தால் கனவான்களுக்குத்தான் சௌகரியம். மாட்டுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். கீழே இருக்கும் பலகையில் எழுத வேண்டியதை எழுதுங்கள். ஆய்வுக்குப் பிறகு படத்தின் தலைப்பிலேயே 'அடிமையாக்கப்பட்ட குழந்தை' என்ற வார்த்தை ஏறியிருக்கிறது. 2024-ல் அடிமைமுறையோடு தனக்கு இருந்த உறவுக்குப் பல்கலைக்கழகமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

பணம் வாங்கியவர்களே மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். பணம் எங்கிருந்து போனதோ அந்த ஊரில் நாம் இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தடவை யாராவது "நம்ம மெட்ராஸ் காசு சார்" என்று ஆரம்பித்தால், அவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். நடுவில் இருப்பவரைப் பற்றி அவரே சொல்லட்டும். ஓரத்தில் இருப்பவனைப் பற்றி நீங்கள் கேளுங்கள்.