ஒட்டுப்படம் சொல்லும் கதை



நம் பிள்ளைகளிடம் ஒரு படம் வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். தாங்கள் வளர்ந்த லயத்தையோ பால்மரத்தையோ வரைபவர் மிகக் குறைவு. அதுவும் ஓவியத்திற்குரிய பொருள்தான் என்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

பக்கத்து மாநிலமான பினாங்கில் 1941-இல் பிறந்து, 2016-இல் மறைந்த ஓவியர் நிர்மலா டத் சண்முகலிங்கம் அவர்களை இங்கே நினைக்க வேண்டும். 1973-இல் 'மனிதனும் அவன் உலகமும்' என்ற ஓவியப் போட்டிக்கு அவர் கொண்டு சென்றது என்ன தெரியுமா? டாமான்சாரா பக்கம் பொறுக்கிய குப்பையும், சில புகைப்படங்களுமே! சுற்றுப்புறத்தை நாம் பாழாக்குவதை அப்படிக் காட்டிப் பரிசும் பெற்றார்.

1986-இல் அமெரிக்க விமானங்கள் பிரிட்டனிலிருந்து கிளம்பி லிபியாவின் மீது குண்டு வீசின. அதைக் கண்டித்து அவர் வண்ணமும் ஒட்டுத்தாளும் சேர்த்து ஒரு படம் செய்தார். அதிலே அதிபர் ரீகனும் பிரதமர் தாட்சரும் வாயாங் கூலிட் பொம்மைகளாக நிற்கிறார்கள்.

வாயாங் கூலிட் நமக்கு அந்நியமன்று. நம் கெடாவிலும் வாயாங் கெடெக் என்ற நிழற்கூத்து உண்டு. கிளந்தான் கூத்தில் நம் இராமன் ஸ்ரீ ராமா. இராவணன் மகாராஜா வானா. இந்தப் பழைய கூத்தின் உருவத்தை நிர்மலா அன்றைய நாட்டு நடப்போடு ஒட்டினார். பண்பாடு பூசையறையில் வைத்துக் கும்பிட மட்டுமல்ல, நியாயம் கேட்கவும் உதவும் என்று காட்டினார்.

நம் கதைக்கு வருவோம். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் என்று பிரிந்துவிட்டன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது எது? தாத்தாவின் சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு, செல்லரித்த கல்யாணப் படம். மற்றவர்களுக்கு அவை வெறும் காகிதம். நமக்கோ வேறு சரித்திரப் புத்தகம் இல்லை.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் அவற்றை வெளியே எடுங்கள். அசலைப் பத்திரப்படுத்திவிட்டு நகலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஓர் அட்டை, கொஞ்சம் பசை, பாட்டியின் பழைய சேலைத் துண்டு போதும். அவர்களே வெட்டி ஒட்டட்டும். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டு அட்டையின் பின்னால் எழுதச் சொல்லுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள். சொல்லக்கூடியவர் போய்விட்டால் படம் ஊமையாகிவிடும்.