பழைய காருக்கு ஹெச்.ஐ.டி லைட்... வெளிச்சம் உங்களுக்கு, கண்கூச்சம் எதிரே வர்றவருக்கு!

நடுவில் மீடியன் இல்லாத ரோட்டில் ராத்திரி பைக் ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே வெள்ளையாக, லேசாக நீலம் கலந்து ஒரு வெளிச்சம் வரும். ரெண்டு மூணு நொடிக்கு ரோடு, ஓரத்து வெள்ளைக் கோடு, முன்னாடி போகிற சைக்கிள்... எதுவுமே தெரியாது. ஏதோ புது எஸ்.யு.வி போல என்று திரும்பிப் பார்த்தால், அது பதினைந்து வயசான ஒரு ஹேட்ச்பேக். ஹெட்லைட் மட்டும்தான் புதுசு.

60 கி.மீ வேகத்தில் போகிற பைக், மூன்று நொடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின மாதிரிதான். வயசானவர்களுக்குக் கண் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் நேரமாகும்.

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுக்க 4,61,312 சாலை விபத்துகள். 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்கு: 64,105. ஒரு நாளில் விபத்து அதிகமாக நடப்பது மாலை 6 முதல் 9 மணிக்குள். எல்லாத்துக்கும் ஹெட்லைட்தான் காரணம்னு சொல்ல வரல. ஆனால், இருட்டத் தொடங்கி ஊரே வீடு திரும்புகிற அந்த மூணு மணி நேரத்தில், யார் கண்ணில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

பழைய வண்டிக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு

மாருதி 800, பழைய ஆல்டோ, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் இருப்பது ஹெச்4 ஹாலஜன் பல்பு. ஹை பீமுக்கு 60 வாட்ஸ், லோ பீமுக்கு 55 வாட்ஸ். லோ பீமில் சுமார் 1,000 லூமென் வெளிச்சம்தான் வரும். பக்கத்தில் கம்பெனியிலிருந்தே எல்.இ.டி-யோடு வருகிற புது கார் நின்றால், நம்ம லைட் மெழுகுவத்தி மாதிரி தெரியும். எதிரே வருகிற எல்லோரும் பிரைட்டாக வரும்போது, நமக்கு மட்டும் ரோடு தெரியவில்லை என்ற பயம் நிஜமானது. அந்த பயம்தான் ஆளை ஜி.பி ரோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறது. ‘போட்டுப் பாருங்க தம்பி, பகல் மாதிரி இருக்கும்’ என்பார்கள். 35 வாட்ஸ்தான் எடுக்கும், 3,000 லூமென் கொடுக்கும். கரன்ட் கம்மி, வெளிச்சம் மூணு மடங்கு. யாருக்குத்தான் ஆசை வராது?

ஹெச்.ஐ.டி ஒன்றும் ஏமாத்து வேலை இல்லை. 1991-லேயே பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் வந்த டெக்னாலஜி அது. உள்ளே ஃபிலமென்ட் கிடையாது. ஸெனான் வாயு நிரப்பிய சின்ன கண்ணாடிக் குமிழுக்குள் ரெண்டு மின்முனைகளுக்கு நடுவே வில் மாதிரி மின்சாரம் பாயும். அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவை. அந்த வேலையைச் செய்வது பேலஸ்ட் என்கிற குட்டிப் பெட்டி. பற்றிக்கொண்ட பிறகு 85 வோல்ட் போதும்.

ஆனால், கம்பெனி கார்களில் இந்த பல்பு தனியாக வரவில்லை. ஒரு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தை மேலே போகவிடாமல் வெட்டுகிற புரொஜெக்டர் லென்ஸ், பின்சீட்டில் ஆள் ஏறினால் தானாக லைட்டைத் தாழ்த்துகிற லெவலிங், லென்ஸில் அழுக்கு படிந்தால் பீய்ச்சிக் கழுவுகிற வாஷர். 2,000 லூமெனுக்கு மேல் போனால் தானியங்கி லெவலிங்கும் வாஷரும் கட்டாயம் என்று ஐரோப்பாவில் விதியே இருக்கிறது. நம்ம ஊர் கடையில் வாங்குகிற கிட்டில் இருப்பது பல்பும் பேலஸ்ட்டும் வயரும் மட்டும்தான்.

ரிஃப்ளெக்டர்தான் வில்லன்

ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ரெண்டு ஃபிலமென்ட். லோ பீம் ஃபிலமென்டுக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு சின்ன தகடு. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அந்தத் தகடுதான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அதே இடத்தில் ஹெச்.ஐ.டி குமிழைச் செருகினால், வெளிச்சம் பிறக்கிற இடமும் வடிவமும் மாறிவிடும். ரிஃப்ளெக்டருக்கு இது தெரியாது. தன் இஷ்டத்துக்கு எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும். எதிரே வருகிறவரின் கண் உட்பட.

இதில் இன்னொரு கூத்து, மாத்தினவருக்கே பெரிய லாபம் இல்லை. வண்டிக்கு முன்னாடி பத்துப் பதினைந்து அடி பளீரென்று இருக்கும். அந்த வெளிச்சத்துக்குக் கண் பாப்பா சுருங்கிவிடும். தூரத்தில் குறுக்கே வருகிற மாடு, லைட் இல்லாமல் நிற்கிற டிராக்டர் டிரெய்லர் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். ‘சூப்பரா இருக்கு’ன்னு தோணுறது பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து, உயிரைக் காப்பாத்துறது தூரத்து வெளிச்சம். ஸ்டைலுக்காக நீல நிறம், அதாவது 8,000 கெல்வின் பல்பு வாங்குகிறவர்கள் இன்னும் நஷ்டப்படுகிறார்கள். கம்பெனி ஹெச்.ஐ.டி பெரும்பாலும் 4,300 கெல்வின்தான். அதற்கு மேல் போகப் போக நீலம் ஏறும், பயன்படுகிற வெளிச்சம் இறங்கும். போதாததற்கு, ஹெச்.ஐ.டி முழு வெளிச்சத்துக்கு வர சில நொடிகள் எடுக்கும். ஓவர்டேக் பண்ணும்போது டக் டக்குனு சிக்னல் கொடுக்கிற வேலைக்கு அது ஆகாது.

இப்போது மார்க்கெட்டில் ஹெச்.ஐ.டி-யை எல்.இ.டி பல்புகள் ஓரங்கட்டிவிட்டன. பொருத்துவது சுலபம், பேலஸ்ட் தொல்லை இல்லை. ஆனால் ரிஃப்ளெக்டர் பிரச்னை அப்படியேதான். ஜெர்மனியில் 2020-ல் மாற்று எல்.இ.டி பல்புக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட மாடல் கார்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பிரிட்டனில் ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் ஹெச்.ஐ.டி போட்ட கார், வருடாந்தர சோதனையில் ஃபெயில்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதி 106, பல்பின் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. லைட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டருக்கு மேல் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவரின் கண் கூசக் கூடாது. அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இது ரொம்ப நியாயமான விதி. இன்னொரு பக்கம், கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி புதுப்பிக்க ஆர்.டி.ஓ ஆபீஸ் போகும்போது இந்த லைட் கண்ணில் பட்டால், அங்கேயும் சிக்கல்.

ஆனால் பகலில் வண்டியை நிறுத்தி, ‘வெளியில வாங்கின லைட்டா?’ என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கம்பெனி லைட்டாகவே இருந்தாலும், ஊர் முழுக்க ஹை பீமில் வருகிற காரும் பஸ்ஸும் அதே அளவுக்குக் கண்ணைக் குருடாக்குகின்றன. லைட் எங்கே விழுகிறது என்று ராத்திரியில் அளந்து பார்த்தால்தான் விதி 106-க்கு அர்த்தம்.

அப்போ பழைய வண்டிக்கு வழி?

பெரும்பாலான பழைய கார்களில் குற்றவாளி பல்பே இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரன்ட், ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாக, வருடக்கணக்கில் துருப்பிடித்த கனெக்டர்களைத் தாண்டி ஹெட்லைட்டுக்கு வருவதற்குள் களைத்துவிடும். ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறையும். பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் எடுக்கிற ரிலே வயரிங் கிட் ஒன்றைப் போட்டு, எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தமாக்கினாலே பாதிப் பிரச்னை தீரும். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் லென்ஸை பாலிஷ் போடலாம். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தால், எந்தப் பல்பைப் போட்டாலும் வீண். முழு ஹெட்லைட்டையும் மாற்றுவதுதான் வழி. 100/90 வாட்ஸ் ஹாலஜன் என்று கடையில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டப்படியும் தப்பு, பழைய வயரும் ஹோல்டரும் உருகிவிடும்.

பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி பைக்குகளில் கதையே வேறு. ஹெட்லைட்டுக்கு மேக்னட்டோவிலிருந்து நேராக ஏ.சி கரன்ட் வரும். ஐடிலில் மங்கி, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் பிரகாசமாகும். அதில் ஹெச்.ஐ.டி போட வயரிங்கையே டி.சி-க்கு மாற்ற வேண்டும். அந்தக் குட்டி பேட்டரி அதைத் தாங்காது.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை, ஹெச்.ஐ.டி-தான் வேண்டும் என்பவர்கள் புரொஜெக்டரோடு போடுவார்கள். எதிரே வருபவருக்கு அது நல்லது. ஆனால் அதுவும் சட்டத்தின் பார்வையில் மாற்றம்தான், அனுமதி கேட்காமல் போட்டால் 182ஏ உங்களுக்கும் பொருந்தும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது வலப்பக்க ஸ்டீயரிங் நாட்டுக்கானதா? நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் நம்ம புரொஜெக்டரில் வெளிச்சம் இடது ஓரத்தில்தான் லேசாக மேலே ஏற வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பாவுக்குச் செய்த லென்ஸ் வலப்பக்கம் ஏற்றும். நேராக எதிர் வண்டி டிரைவரின் முகத்துக்கு.

பல்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், இந்த வாரம் ஒரு ராத்திரி சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். பளிச்சென்ற பகுதியின் மேல்விளிம்பு, உங்கள் ஹெட்லைட் உயரத்தைவிட ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரை சாணாவது, அதாவது 10 செ.மீ கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பினால் இறங்கும். உங்களுக்கு வரவில்லை என்றால் மெக்கானிக்குக்கு அது அஞ்சு நிமிஷ வேலை.