கண்டெடுத்த படச்சுருளும் தொலைந்த பண்ணும்

ராக் இசையின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளில் எடுக்கப்பட்டு, பெட்டிக்குள் முடங்கிக் கிடந்து, ஒரு தலைமுறை கழிந்தபின் வெளிவந்த கச்சேரிப் படங்கள் இன்று ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டன. மேலை இசை ரசிகர்கள் ஒவ்வொன்றையும் திருவிழாபோலக் கொண்டாடுகிறார்கள். அவற்றுள் நமக்கு மிக நெருக்கமான ஒன்று மட்டும் நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

1974 செப்டம்பர் 23 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சி அது. பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜார்ஜ் ஹாரிசனின் ஆதரவில் ரவிசங்கர் ஓர் இந்திய வாத்தியக் குழுவை அழைத்துச் சென்றார். அல்லா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா, சுல்தான் கான் என்று பெயர்களைச் சொன்னாலே போதும். அந்த ஆண்டின் இறுதியில் இதே குழு ஹாரிசனுடன் வட அமெரிக்க ராக் மேடைகளில் பயணம் செய்தது. லண்டன் நிகழ்ச்சி படமாக்கப்பட்டது. ஆனால் வெளிவரவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 2010இல், ரவிசங்கரின் 90ஆம் வயதை ஒட்டி வந்த 'கொலாபரேஷன்ஸ்' தொகுப்பில், மூன்று குறுந்தகடுகளுடன் ஒரு டிவிடியாக முதல்முறை வெளிவந்தது. ஹாரிசன் 2001இலேயே மறைந்துவிட்டார்.

அந்தக் குழுவில் தெற்கின் பங்கு சிறிதல்ல. வயலின் வாசித்தவர் எல். சுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை வந்து, மருத்துவம் படித்து, வயலினையே வாழ்வாகக் கொண்டவர். அப்போது அவருக்கு வயது 27. மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன். திருப்பூணித்துறையில் பிறந்து, செம்பையிடம் பாடம் கேட்டு, சென்னையைத் தன் களமாக்கிக்கொண்டவர். இளையராஜாவுக்குக் கர்நாடக இசை கற்பித்தவர் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும். பாடியவர் லட்சுமி சங்கர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கந்தப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று, நோயினால் நடனத்தை விட்டு, பட்டியாலா கரானாவில் பயின்று இந்துஸ்தானிப் பாடகியானவர். இம்மூவரும் தங்கள் கலையின் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது.

ஒலித்தட்டில் கேட்டால் இந்த இசை சற்று இறுக்கமாகவே தோன்றும். தனி வித்வானின் மனோதர்மம் குறைவு. முன்கூட்டி அமைத்த சிறு உருப்படிகள் அதிகம். 'ஹிப்பிகளுக்காக நீர்த்துப்போன சங்கீதம்' என்ற குற்றச்சாட்டை ரவிசங்கர் அந்நாளில் இங்கே நிறையவே கேட்டார். படத்தில் பார்க்கும்போதுதான் வேறொன்று புலப்படுகிறது. எதிரே எழுதிவைத்த தாள் இல்லாமல் தரையில் அமர்ந்து வாசிக்கும் ஒரு பெருங்குழுவை ஒரு மனிதர் கைகளாலும் கண்களாலும் நடத்திச் செல்கிறார். வடக்கின் தபலாவும் தெற்கின் மிருதங்கமும் ஒரே மேடையில் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாசிக்கின்றன. 1971இல் நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிவாரணக் கச்சேரியில், சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் வேடிக்கையாகச் சொன்னார். அங்கிருந்து மூன்றே ஆண்டுகளில் ஒரு முழு இந்தியக் குழு ஆல்பர்ட் அரங்கில் அமர்ந்தது என்பது நம் இசை வரலாற்றின் ஒரு பக்கம். படம் இல்லையென்றால் அந்தப் பக்கம் வெறும் செய்தியாகவே நின்றிருக்கும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அதே 1974இல் டி.வி.ஜி. சென்னை சபாக்களில் வாசித்ததைப் பார்க்க விரும்பும் ஒருவர் எங்கே போவது? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கியது. வானொலி நாடாக்களும், ரசிகர்கள் ஸ்பூல் கருவியில் பதிந்துவைத்தவையும் காதுக்கு உண்டு. கண்ணுக்கு ஏதுமில்லை என்றே சொல்லலாம். நம் வித்வானின் கைகள் மிருதங்கத்தின் மேல் ஓடுவதைக் காண நாம் லண்டன் மேடையைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

பழைய கதையும் இதுதான். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை கதாநாயகனாக நடிக்க, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' 1940இல் வந்தது. இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. சத்யஜித் ராய் பாலசரஸ்வதியின் ஆட்டத்தை 1935இல் கல்கத்தாவில், தம் 14ஆம் வயதில் பார்த்தார். 'பாலா' ஆவணப்படத்தை எடுக்க முடிந்தது 1976இல். இடையில் 41 ஆண்டுகள். பாலாவின் பேரிளமை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. தமிழக அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்த அந்த 33 நிமிடப் படமாவது இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

படம் எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடியதை சிட்னி பொல்லாக் இரண்டு இரவுகள் படமாக்கினார். கிளாப் பலகை அடிக்க விட்டுவிட்டார்கள். விளைவு, படம் ஒருபுறம், ஒலி ஒருபுறம். இரண்டையும் பொருத்த முடியாமல் அது கிடப்பில் போனது. கணினி நுட்பத்தால் பொருத்திய பிறகும், தம் இசைவின்றித் திரையிடக்கூடாது என்று அரீத்தா நீதிமன்றம் சென்று தடுத்தார். அவர் மறைந்த 2018இல்தான் படம் வெளியே வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது திருமுறை கண்ட புராணம். தில்லையில் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் கரையானுக்கு இரையாகிக் கிடந்தன. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியதை மீட்டார்கள். ஆனால் ஏட்டில் சொல் இருந்ததே தவிரப் பண் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் பாடக் கேட்டுத்தான் பண்ணை வகுத்தார்களாம். புராணம்தான், என்றாலும் ஆவணக் காப்பின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் அதில் இருக்கிறது. பொருள் கிடைக்கும், அதன் பாதி கிடைக்காது.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடப்பவர்கள் அங்குள்ள மாணிக்கவாசகர் கோயிலைப் பார்த்திருப்பார்கள். திருவெம்பாவை பிறந்த இடம் என்பது ஐதீகம். சொற்கள் அத்தனையும் நம்மிடம் உள்ளன. முதலில் பாடிய குரல் எப்படி ஏறி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று அதே பாதையில் பௌர்ணமி இரவில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் உயர்கின்றன. ஒரு நாதஸ்வரக்காரர் நின்று வாசித்தால் பத்துப் பேர் படம் பிடிக்கிறார்கள். அந்த வித்வான் பெயர் என்ன, எந்த ஊர், எந்த ராகம், என்ன தேதி என்று ஒருவராவது குறித்துவைக்கிறாரா? கிளாப் பலகை இல்லாத படம் எப்படியோ, பெயரும் தேதியும் இல்லாத பதிவும் அப்படியே.

'கச்சேரி அந்தந்த நேரத்து அனுபவம். குருவிடமிருந்து சீடனுக்குப் போவதுதான் நம் மரபு. பதிவெல்லாம் எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தச் சங்கிலி அறாமல் இருக்கும்வரை அவர்கள் சொல்வது சரி. இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் தெருக்கூத்தை இன்றும் ஆடுகிறார்கள், ந. முத்துசாமியின் கட்டுரைகள் வழியாக நம்மில் பலர் அந்தக் கலையை அறிந்தோம். ஆனால் சுற்றுவட்டத்தில் வாரிசில்லாமல் கலைந்துபோன குழுக்களின் அடவுக்கும் பாட்டுக்கும் யார் சாட்சி? தேவாரத்துக்கு ஒரு பெண் மிஞ்சியிருந்தார். எல்லாக் கலைக்கும் அப்படி ஒருவர் மிஞ்சுவார் என்று நம்பியிருக்க முடியாது.

அரசோ அகாதமியோ வந்து செய்யட்டும் என்று காத்திராமல் நாமே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கலைஞரிடம் அனுமதி கேட்டுப் பதிவது. பெயர், ஊர், நாள், உருப்படி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுவது. மூலப் பதிவைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் வைப்பது. ஒரு பிரதியைக் கலைஞரின் குடும்பத்துக்குக் கொடுப்பது. செலவு அதிகமில்லை, ஒழுங்குதான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பர்ட் அரங்கப் படம் வெளிவந்தது எண்ணிட்ட, குறைந்த பிரதிகள் கொண்ட விலையுயர்ந்த பெட்டியில். சேகரிப்பாளரின் அலமாரிக்குப் போன படம் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. டி.வி.ஜி.யின் மிருதங்கத்தை, அதே வாத்தியத்தை இன்று கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பையன் காசில்லாமல் உட்கார்ந்து பார்க்க முடிகிற நாளில்தான் அந்தப் படச்சுருள் உண்மையில் கண்டெடுக்கப்பட்டதாகும்.